நாலு நாள் பாக்கி

ஆல்சீட் மெலான்சோ முப்பத்து மூன்று வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினார். ஒரு நாள்கூடத் தாமதமாகப் போனதில்லை. இதை அவர் வாயால் யாரும் கேட்டிருக்க முடியாது. அவருடைய மகன் க்ளோவிஸ்தான் ஊர் முழுக்கச் சொல்வான். செயின்ட் ஓமரில் இருக்கிற ஒரே பெரிய மளிகைக் கடையில், சாமான்களைப் பையில் அடுக்கிக் கொடுப்பது அவன் வேலை. முட்டையை மேலே வைத்து, ரொட்டியை அதற்கும் மேலே வைத்து, பையை நீட்டும்போது சொல்வான்: "எங்கப்பா பஸ்ஸுக்கு லேட்டாவே போனதில்ல." வாங்குகிறவர்களும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்கிற மாதிரி, "அப்படியா க்ளோவிஸ்?" என்பார்கள். லூசியானாவின் இந்தத் தென்கோடியில் எங்களுக்கு அந்த அளவுக்காவது மரியாதை தெரியும்.

க்ளோவிஸுக்கு முப்பத்தெட்டு வயது. வயதுக்குத் தக்க அறிவு வளரவில்லை என்று டாக்டர்கள் சின்ன வயதிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எழுதிக் கொடுத்தவர்கள் அவனிடம் ஒரு தேதியைக் கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். வரப்போகிற எந்தத் தேதியைச் சொன்னாலும் என்ன கிழமை என்று சொல்லிவிடுவான். சமையலறைச் சுவரில் காலண்டர் மாட்டி, காலையில் காப்பி குடித்ததும் அன்றைய கட்டத்தைச் சிவப்புப் பேனாவால் அடிப்பான். அடிக்காமல் வேலைக்குக் கிளம்பமாட்டான்.

வீட்டிலிருந்து கடைக்கு நாலு தெரு. இந்த நாலு தெருவை அவனுக்குப் பழக்க அவன் அம்மா வெர்லீக்கு மூன்று வருஷம் பிடித்தது. முதலில் கையைப் பிடித்துக்கொண்டு போனாள், பிறகு பத்தடி பின்னால் நடந்தாள், கடைசியில் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தாள். இப்போது அவனே போவான், அவனே வருவான். எந்த வீட்டு நாய் குரைக்கும், எந்தத் திண்டில் கால் தடுக்கும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துபடி. வேறு எந்த ஊரில், வேறு எந்தத் தெருவில் கொண்டு விட்டாலும் அவனால் தனியாகப் பத்தடி வைக்க முடியாது. அதனால்தான் அந்த மூன்று அறை வீடு வெர்லீக்கு அவ்வளவு முக்கியம். தாங்கள் இரண்டு பேரும் போன பிறகு க்ளோவிஸ் அந்த வீட்டில் இருப்பான், பக்கத்து வீட்டு பாஸ்கல் குடும்பம் ஒரு கண் வைத்துக்கொள்ளும், கடை இருக்கிறது, நாலு தெரு இருக்கிறது. வீடு இல்லையென்றால் நகரத்தில் இருக்கிற அரசாங்க விடுதிதான். அந்த விடுதியை ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

வீட்டுக் கடன் தீர்ந்தபோது எங்கள் ஊர் வழக்கப்படி ஆல்சீட் விருந்து வைத்தார். கடனை அடைத்தவன் வங்கிப் பத்திரத்தை ஊர் பார்க்க எரிக்க வேண்டும். ஏப்ரல் மாதம். கொல்லையில் பெரிய அண்டாவில் இறால் மாதிரிக் கொடுக்கு வைத்த சிவப்பு நண்டுமீனும் சோளமும் உருளைக்கிழங்கும் காரம் போட்டு வெந்துகொண்டிருந்தன. மேஜையில் செய்தித்தாள் விரித்துக் கொட்டினார்கள். எல்லோரும் விரலைச் சப்பிக்கொண்டிருக்கும்போது ஆல்சீட் பத்திரத்தின் நகலை எடுத்து அண்டாவுக்குக் கீழே எரிந்த நெருப்பில் போட்டார். கைதட்டினார்கள். பாஸ்கல் விசிலடித்தான்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம் மனுஷன். கைதட்டல் யாரை விட்டது? சட்டைப் பையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தார்.

"இது என்ன தெரியுமா? வெள்ள இன்ஷூரன்ஸ் பில்லு. கடன் இருக்கிற வரைக்கும் பேங்க்காரன் என் கழுத்துல கத்திய வெச்சுத் தவணையோட சேர்த்துப் பிடுங்கினான். பத்தொம்பது வருஷம். சொட்டுத் தண்ணி வீட்டுக்குள்ள வரல. இப்போ கேக்குறதுக்கு யாரு இருக்கா?"

ட்விலா அந்தக் கூட்டத்தில் இருந்தாள். கடைத்தெருவில் சின்னதாக ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகம் வைத்திருப்பவள். அந்த பாலிசியே அவள் எழுதியதுதான். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"மிஸ்டர் ஆல்சீட், அத மட்டும் எரிக்காதீங்க. பேங்க் கேக்கலன்னா ஆறும் கேக்காம போயிடுமா?"

"ஏம்மா ட்விலா, மூணாங்கிளாஸ்லருந்து உன்னை பஸ்ஸுல ஏத்தி இறக்கினவன் நான். இந்த ஊர்ல எந்த ரோட்டுல எத்தன அங்குலம் தண்ணி நிக்கும்னு நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சொன்னதில் பொய் இல்லை. எண்பத்து மூன்றாம் வருஷப் பெருவெள்ளத்தில் பாதி ஊர் முழுகியபோதும், அவர் தெருமுனையில் இருக்கிற 'நில்' பலகையின் காலடியோடு தண்ணீர் நின்றுவிட்டது. அதை அவர் கண்ணால் பார்த்திருந்தார். அந்தப் பலகையை அவர் நம்பிய அளவுக்குப் பாதிரியாரைக்கூட நம்பவில்லை.

"அது அப்போ. அப்போ ஆத்துக்கு மேல்பக்கம் பூரா காடு. இப்போ காட்ட அழிச்சுக் கடையும் தார் ரோடுமா போட்டு வெச்சிருக்காங்க. தண்ணி எங்க போய் ஊறும்?" என்றாள் ட்விலா.

"வீட்டு இன்ஷூரன்ஸ்தான் தனியா இருக்கே."

"அது காத்துக்கும் நெருப்புக்கும் மிஸ்டர் ஆல்சீட். தரையிலருந்து ஏறி வர்ற தண்ணிக்கு அதுல ஒரு பைசா தரமாட்டாங்க."

"வியாபாரம் பண்ண நல்ல இடம் பாத்தம்மா நீ. நண்டத் தின்னு, ஆறிடப் போகுது," என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை நெருப்பில் போட்டார். ட்விலாவின் முகம் சிவந்துபோனது. வெர்லீ குனிந்து நண்டு ஓடுகளை வாளியில் வாரிப் போட்டாள். ஊர் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்கிறவள் இல்லை அவள்.

விருந்து முடிந்து பாத்திரம் கழுவும்போதுதான் கேட்டாள்.

"நாளைக்கு ட்விலாகிட்ட போய்ப் பணம் கட்டிடு ஆல்சீட். வீடு உனக்கோ எனக்கோ இல்ல. அவனுக்கு."

"ஆகட்டும்," என்றார்.

போகவில்லை. வேண்டுமென்று ஏமாற்ற நினைத்தாரா என்றால், இல்லை. சிரித்துவிட்டு வந்த இடத்துக்கே மறுநாள் போய் எப்படி நிற்பது என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டார். அந்த வாரம் மாதமானது. அவள் மறுபடி கேட்டபோது, "கட்டியாச்சு" என்று வாயில் வந்துவிட்டது. ஒரு தடவை சொன்னால் அடுத்த வருஷமும் சொல்லத்தானே வேண்டும்? சொன்னார். கல்யாணம் ஆன நாற்பத்து நாலு வருஷத்தில் அவளிடம் அவர் சொன்ன பொய் இது ஒன்றுதான் என்று பிற்பாடு பாஸ்கலிடம் சொல்லி அழுதார்.

விருந்துக்கு மூன்றாம் வருஷம் வெர்லீக்குக் கணையத்தில் புற்று. மார்ச் மாதம், முன்னறையில் போட்ட ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். கை குச்சியாகிவிட்டது. க்ளோவிஸ் வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில் அவரைக் கூப்பிட்டாள்.

"வெள்ளப் பாலிசி கட்டியிருக்கில்ல?"

"கட்டியிருக்கு வெர்லீ. அதெல்லாம் நினைச்சுக்கிட்டு இருக்காத."

"சரி," என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு நாளில் போய்ச் சேர்ந்தாள்.

சரி, அதற்குப் பிறகாவது போனாரா? கேட்டால் வயிறு எரியும். வாரத்துக்கு மூன்று தடவை கல்லறைக்குப் பூ எடுத்துக்கொண்டு போவார். போகிற வழியில்தான் ட்விலாவின் அலுவலகம். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருப்பது தெரியும். வண்டியை மெதுவாக்குவார். 'நண்டத் தின்னு' என்று சொன்ன வாய் ஞாபகம் வரும். வேகத்தைக் கூட்டிப் போய்விடுவார். மார்ச் போய், ஏப்ரல் போய், மே, ஜூன் என்று நாலு மாதம் இப்படியே ஓடிற்று. அந்த நாலு மாதத்தில் எந்த நாள் இறங்கியிருந்தாலும் நான் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஜூலையில் வெர்லீயின் பிறந்தநாள் வந்தது. அம்மா செய்கிற ரொட்டி புட்டிங்கை நாமே செய்யலாம் என்று க்ளோவிஸ் பிடிவாதம் பிடித்தான். சமையல் குறிப்பு எழுதிய அட்டைகளை அவள் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தாள். டின்னைக் கவிழ்த்தார்கள். அட்டைகளுக்கு அடியில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. ஒரு பக்கம் கருகிப்போன காகிதம். ஆல்சீட் அதைப் பிரிக்கும் முன்பே தெரிந்துகொண்டார். நெருப்பில் அவர் போட்ட வெள்ள இன்ஷூரன்ஸ் பில். அதோடு ஒரு உறை. மேலே அவள் கையெழுத்தில் 'க்ளோவிஸ் வீட்டுக்கு' என்று எழுதியிருந்தது. உள்ளே ஒன்றும் ஐந்துமாகக் கசங்கிய டாலர் நோட்டுகள். மாதாகோவில் விற்பனையில் பீக்கன் பருப்பு வைத்த இனிப்புப் பலகாரம் செய்து விற்ற காசு.

அவர் கட்டவில்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் வருஷத்திலிருந்தே தெரிந்திருக்கிறது. இல்லையென்றால் இந்தக் காசை எதற்குச் சேர்க்கிறாள்? கடைசியாகக் கேட்டது பதில் தெரியாமல் கேட்டதில்லை. அவராக உண்மையைச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். அவர் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். க்ளோவிஸ் பயந்துபோய், "புட்டிங் வேண்டாம்பா, வேண்டாம்பா," என்று அவர் முதுகைத் தடவினான்.

மறுநாள் காலை ட்விலா கதவைத் திறக்கும்போது அவர் வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். க்ளோவிஸும் கூட நின்றான்.

"அன்னைக்கு எல்லார் முன்னாடியும் உன்னைக் கேலி பண்ணிட்டேம்மா. மன்னிச்சிடு."

"அதையெல்லாம் அன்னைக்கே மறந்தாச்சு மிஸ்டர் ஆல்சீட். நீங்க வருவீங்க வருவீங்கன்னு கதவப் பாத்துக்கிட்டே இருந்தேன். கல்லறைக்குப் போற வழியில வண்டி மெதுவாகுறது எனக்குத் தெரியாதா?"

உறையில் இருந்தது போதவில்லை. மீதியை அவர் போட்டார். எல்லாவற்றிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு ட்விலா பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஒரே ஒரு விஷயம். இன்னையிலருந்து முப்பது நாள் கழிச்சுத்தான் பாலிசி செல்லும்."

"முன்ன கடன் வாங்கினப்போ அன்னைக்கே செல்லுபடியாச்சே."

"அது பேங்க் கடனோட சேர்ந்து வந்தது, அதுக்குக் காத்திருப்பு இல்ல. நாமளா வந்து வாங்கினா முப்பது நாள். மேகத்தப் பாத்துட்டு ஓடி வர்றவங்களுக்காகப் போட்ட சட்டம்." அவர் முகம் போன போக்கைப் பார்த்து, "கடல்ல புயல் எதுவும் இல்ல. முப்பது நாள்தானே, ஓடிப்போயிடும்," என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் க்ளோவிஸ் கேட்டான். "முப்பது நாள்னா என்னப்பா?"

"முப்பது நாள் ஆயிட்டா நம்ம வீட்ட யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. தண்ணி கொண்டுபோனாக்கூட திரும்பக் கட்டிக் குடுத்துடுவாங்க. அம்மா ஏற்பாடு பண்ணியிருக்கா."

க்ளோவிஸ் காலண்டரில் முப்பது கட்டம் எண்ணி, முப்பதாவதைச் சுற்றி வட்டம் போட்டு, உள்ளே ஒரு வீடு வரைந்தான். அன்றிலிருந்து தினமும் காலையில் அடிக்கும்போது சத்தமாக எண்ணுவான். இவரும் காப்பிக் கோப்பையோடு பக்கத்தில் நின்று எண்ணுவார். வெர்லீ போன பிறகு அந்த வீட்டில் இரண்டு பேர் குரல் சேர்ந்து கேட்டது அந்த நாட்களில்தான். இருபது தாண்டியபோது ஆல்சீட் மீசையைத் திருத்திக்கொண்டார். க்ளோவிஸ் கடையில் எல்லோரிடமும் சொன்னான், "அம்மா வீடு வாங்கிக் குடுக்கப் போறா" என்று.

புயல் என்றால் எங்களுக்குத் தெரியும். அதற்குப் பெயர் வைப்பார்கள், டிவியில் ஒரு வாரம் காட்டுவார்கள், நாங்கள் ஜன்னலுக்குப் பலகை அடிப்போம், ரொட்டியும் தண்ணீரும் வாங்கி வைப்போம். இது பெயர் இல்லாத மழை. ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை தூறலாக ஆரம்பித்து நகராமல் அப்படியே நின்று கொட்டியது. வெள்ளிக்கிழமை காலையில் க்ளோவிஸ் இருபத்தாறாவது கட்டத்தை அடித்தான். "இன்னும் நாலு," என்றான். ஆல்சீட் வாசலுக்குப் போய்த் தெருமுனையைப் பார்த்தார். 'நில்' பலகையின் காலடியில் தண்ணீர் நின்றது. எண்பத்து மூன்றில் நின்ற அதே இடம். "இதோட நின்னுடும்," என்று உள்ளே வந்து சொன்னார். பத்து மணிக்குப் பலகையின் எழுத்துவரை தண்ணீர் இருந்தது. பதினொன்றுக்கு வாசல்படி ஏறியது.

வெர்லீயின் படத்தையும் பிஸ்கட் டின்னையும் எடுத்து அலமாரி உச்சியில் வைத்தார். பிறகு அடுத்து எதை எடுப்பதென்று தெரியாமல் நடு அறையில் நின்றுவிட்டார். பாஸ்கல் வாத்து வேட்டைக்குப் போகும் தட்டைப் படகைச் சன்னலோரம் கொண்டுவந்து கத்தினான். "ஆல்சீட், பையனோட வாய்யா. வீட்ட அப்புறம் பாத்துக்கலாம்." படகில் ஏறும்போது க்ளோவிஸ் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டான். சுவரிலிருந்த காலண்டரைச் சுருட்டிச் சட்டைக்குள் போட்டு, சிவப்புப் பேனாவைப் பையில் செருகிக்கொண்டான்.

மேட்டிலிருந்த மாதாகோவில் கூடத்தில் இருநூறு கட்டில் போட்டிருந்தார்கள். சனிக்கிழமை ட்விலாவும் அங்கே வந்து சேர்ந்தாள். அவள் வீட்டிலும் தண்ணீர். ஆனால் அவளுக்குப் பாலிசி இருந்தது. ஆல்சீட்டைப் பார்த்ததும் அவருக்கு எதிரில் மண்டிபோட்டு உட்கார்ந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"எல்லா நம்பருக்கும் போன் பண்ணிட்டேன் மிஸ்டர் ஆல்சீட். கெஞ்சிப் பாத்தேன். தேதி தேதிதான்னு சொல்லிட்டாங்க."

"நீ என்னம்மா பண்ணுவ," என்றார் அவர். அவள்தான் அழுதாள். அவருக்கு அழுகை வரவில்லை.

திங்கட்கிழமை தண்ணீர் வடிந்தது. பாஸ்கலோடு போய்ப் பார்த்தார். உள்ளே மார்பளவுக்குச் சேற்றுக் கோடு. தரைப்பலகை வீங்கிப் புடைத்திருந்தது. குளிர்பெட்டி கவிழ்ந்து சமையலறை வாசலை அடைத்துக் கிடந்தது. ஈரச் சுவரைக் கை வைத்துப் பார்த்தார், விரல் உள்ளே போயிற்று. வீட்டு இன்ஷூரன்ஸ் ஆள் ஒருவன் தெருவில் வீடு வீடாக வந்தான். காற்று கிளப்பிய ஓடு ஏதாவது இருக்கிறதா என்று கூரையை அண்ணாந்து பார்த்தான், இல்லையென்று தலையாட்டினான். அரசாங்கத்தில் கொஞ்சம் உதவித்தொகை தருவார்கள், சுவரைப் பிய்த்தெறியவே அது காணாது. கடன் தருகிறோம் என்றார்கள். எழுபத்தொரு வயதில் முப்பது வருஷக் கடனை வாங்கி யார் தலையில் கட்டுவது?

"க்ளோவிஸ்கிட்ட சொல்லிட்டியா?" என்று பாஸ்கல் கேட்டான்.

"இல்ல."

"சொல்லிடு. வேற யாராவது சொல்றதுக்குள்ள."

நகரத்து விடுதியிலிருந்து ஒரு பெண் அன்று சாயங்காலமே கூடத்துக்கு வந்திருந்தாள். நல்ல பெண்தான், மரியாதையாகத்தான் பேசினாள். இப்போது ஒரு இடம் காலியாக இருக்கிறது, விட்டால் எப்போது கிடைக்குமென்று சொல்ல முடியாது என்றாள். அவர் காகிதத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை. ஆல்சீட் கண் விழித்தபோது பக்கத்துக் கட்டிலில் க்ளோவிஸ் இல்லை. கூடத்துக் கதவருகே நின்றிருந்தான். தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தான். யாரோ கொடுத்த பழைய சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டு, தானமாக வந்த துணிகளையெல்லாம் மடித்துக் கடைப் பையில் அடுக்கி, பல் துலக்கும் பிரஷ்ஷை எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருந்தான். கையில் காலண்டர். வீடு வரைந்த கட்டத்தின் மேல் சிவப்பாகப் பெருக்கல் குறி.

"முப்பது ஆயிடுச்சுப்பா. இப்போ போலாம்."

ஆல்சீட் கட்டிலை விட்டு எழுந்து போனார். அவனைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து வாசல் பெஞ்சில் உட்காரவைத்தார். 'கட்டியாச்சு', 'கட்டியிருக்கு' என்று வாய் கூசாமல் சொன்னதெல்லாம் ஞாபகம் வந்தது. இவனிடமும் ஒரு பொய் சொல்லலாம். இன்னும் ஒரு மாதம் என்று சொன்னால் இன்னொரு வட்டம் போட்டுக்கொண்டு காத்திருப்பான்.

"வீடு போயிடுச்சு க்ளோவிஸ். திரும்பக் கட்ட முடியாது."

"முப்பது ஆச்சே."

"முப்பது ஆகறதுக்கு முன்னாடியே தண்ணி வந்துடுச்சுடா. நாலு நாள் முன்னாடி."

"அம்மா காசு குடுத்தாளே."

"குடுத்தா. அம்மா எல்லாம் சரியாத்தான் பண்ணினா. அப்பாதான் லேட்டா போனேன்."

க்ளோவிஸ் மடியிலிருந்த காலண்டரைப் பார்த்தான். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அவர் தப்பாகச் சொல்கிறார் என்பது அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. திருத்துகிற குரலில், பொறுமையாகச் சொன்னான்.

"இல்லப்பா. நீ லேட்டாவே போனதில்ல."